பழைய கார்களின் அலுமினியப் பாகங்கள்: பாலிஷும் பழுதுபார்ப்பும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிளாசிக் கார் வைத்திருப்பவர்கள் அலுமினியப் பாகங்களைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை, கேட்ட விதத்திலேயே இங்கே தொகுத்திருக்கிறோம். எவ்வளவு அவசரமாக இருந்தாலும் முதல் மூன்று கேள்விகளைப் படித்துவிட்டு உப்புத்தாளைக் கையில் எடுங்கள். கையில் இருப்பது என்ன உலோகம், அதன் மேல் என்ன பூச்சு என்று பார்க்காமல் தொடங்கியதால்தான் பல நல்ல பாகங்கள் பாழாகியிருக்கின்றன. தேய்த்து எடுத்த உலோகம் திரும்பி வராது.

1. என் கார்ல பளபளன்னு இருக்கிற பட்டையெல்லாம் அலுமினியமா, குரோமா, ஸ்டீலா? எப்படிக் கண்டுபிடிக்கிறது?

முதலில் காந்தம். ஒட்டினால் அது இரும்பு, அல்லது இரும்பின் மேல் பூசிய குரோம். ஒட்டாததெல்லாம் அலுமினியம் என்று முடிவு கட்டிவிடக் கூடாது; ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் சில வகைகளிலும், துத்தநாக வார்ப்பிலும் காந்தம் ஒட்டாது. அடுத்து எடை. அலுமினியம் கன சென்டிமீட்டருக்கு 2.7 கிராம்தான், துத்தநாகக் கலவை 6.6 கிராமுக்கு மேல். கதவுக் கைப்பிடி, சின்னம், விளக்கு வளையம் போன்றவை அளவுக்கு மீறிக் கனத்தால் பெரும்பாலும் அவை துத்தநாக வார்ப்பின் மேல் குரோம் பூசியவை.

நிறமும் காட்டிக்கொடுக்கும். குரோமில் லேசான நீலச் சாயல் இருக்கும். அலுமினியம் வெள்ளியைப் போல வெளுத்திருக்கும். இன்னும் சந்தேகம் என்றால் பாகத்தின் பின்பக்கம், வெளியே தெரியாத இடத்தில், அரத்தால் ஒருமுறை இழுத்துப் பாருங்கள். அரம் மென்மையாக இறங்கி அடியில் வெள்ளை உலோகம் தெரிந்தால் அலுமினியம். அடியில் செம்பு நிற அடுக்கு தெரிந்தால் அது முலாம் பூசிய பாகம். அதன் மேல் இந்தப் பக்கத்தில் சொல்லும் எதையும் செய்யாதீர்கள். அலங்காரக் குரோம் ஒரு மைக்ரானைக்கூட எட்டாத மெல்லிய படலம். தாள் பட்டால் போய்விடும்.

2. மெக்னீசியம்னா தீப்பிடிக்கும்னு சொல்றாங்களே, என் வீல் மெக்னீசியமா இருந்தா?

பயப்பட வேண்டிய விஷயம்தான். லம்போர்கினி மியூராவில் வந்த கம்பனோலோ வீல்கள், பந்தயக் கார்களுக்கான ஹாலிபிராண்ட் வீல்கள், பழைய மினிலைட் வீல்கள் எல்லாம் மெக்னீசியம். சில என்ஜின்களின் கிராங்க்கேஸும் அப்படியே. 1968 முதல் 1977 வரையிலான போர்ஷே 911 நல்ல உதாரணம். பெயின்ட் அடித்திருக்கும்போது பார்வைக்கு அலுமினியத்துக்கும் இதற்கும் வித்தியாசம் தெரியாது.

மறைவான ஓரிடத்தில் பூச்சைச் சுரண்டி, பளிச்சென்ற உலோகத்தின் மேல் ஒரு சொட்டு வினிகர் விடுங்கள். உடனே நுரைத்துப் பொங்கினால் மெக்னீசியம். அலுமினியம் சும்மா இருக்கும். சோதித்ததும் தண்ணீரால் கழுவிவிடுங்கள். மெக்னீசியம் என்று தெரிந்தால் வீட்டில் தேய்க்க வேண்டாம். அதன் தூள் எளிதில் பற்றிக்கொள்ளும், தண்ணீர் ஊற்றினால் இன்னும் கடுமையாக எரியும். தவிர, பூச்சில்லாத மெக்னீசியம் வேகமாக அரித்துப்போகும் என்பதால் கண்ணாடிப் பளபளப்பு அதற்கு ஏற்ற முடிவே கிடையாது.

3. எவ்வளவு தேய்ச்சாலும் பாலிஷ் ஏறவே மாட்டேங்குது. துணியும் கருப்பாகல. ஏன்?

துணி கருப்பாகவில்லை என்றால் நீங்கள் இன்னும் உலோகத்தைத் தொடவே இல்லை. மேலே கிளியர் கோட் எனப்படும் நிறமற்ற பூச்சோ அனடைசிங்கோ இருக்கிறது. மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்து இரண்டு முனைகளையும் பாகத்தின் மேல் மெதுவாக வைத்துப் பாருங்கள். பூச்சில்லாத அலுமினியத்தில் மின்சாரம் தாராளமாக ஓடும். மீட்டர் பூஜ்யத்தை ஒட்டிக் காட்டும். இணைப்பே இல்லை என்று காட்டினால் பூச்சு இருக்கிறது. முனையை அழுத்தினால் அது பூச்சைத் துளைத்துத் தப்பாகக் காட்டிவிடும், கவனம்.

எந்தப் பூச்சு என்று அறிய, அலுமினியத்துக்குப் பாதுகாப்பானது என்று குறிப்பிட்ட பெயின்ட் ரிமூவரை மறைவான இடத்தில் ஒரு பொட்டு வையுங்கள். கிளியர் கோட் சுருங்கி உரியும். அனடைசிங் அசையாது, ஏனென்றால் அது உலோகத்தின் மேற்பரப்பையே மின்வேதியியல் முறையில் மாற்றி வளர்த்த அலுமினியம் ஆக்சைடு. உப்புத்தாளில் ஒட்டியிருக்கும் மணலும் பெரும்பாலும் இதே பொருள்தான் என்பதை நினைத்தால், டியூப் பாலிஷ் அதன் மேல் ஏன் தோற்கிறது என்று புரியும். 1960-களின் அமெரிக்கக் கார்களில் கிரில், பக்கவாட்டுப் பட்டைகள் பல அனடைஸ் செய்தவை. 1967 மாடல் 911 எஸ் காரோடு வந்த ஃபூக்ஸ் வீல்களும் அப்படியே.

4. அலுமினியம் துருப்பிடிக்காதுன்னுதானே சொல்றாங்க? அப்புறம் ஏன் வெள்ளையா பூத்துப்போகுது?

இரும்பைப் போலச் செந்துரு பிடிக்காது, அவ்வளவுதான். வெட்டிய நொடியிலேயே அலுமினியத்தின் மேல் சில நானோமீட்டர் தடிமனுள்ள ஆக்சைடு படலம் உருவாகி, அதுவே காவலாக நிற்கிறது. அந்தப் படலம் கண்ணுக்குத் தெரியாது, மங்கலும் தராது. உப்பு, தேங்கிய ஈரம், பிரேக் தூசி ஆகியவை அந்தப் படலத்தை ஆங்காங்கே உடைக்கும்போதுதான் வெள்ளைத் தூளும் அதன் அடியில் குழியும் உண்டாகின்றன.

படலம் தாங்கும் எல்லை பி.எச். 4-லிருந்து 8.5 வரை. அதைத் தாண்டிய அமிலமும் காரமும் இரண்டுமே அலுமினியத்தைத் தின்னும். அடுத்த கேள்விக்கான பதில் முழுக்க இதில் அடங்கியிருக்கிறது.

5. அழுக்கு, கிரீஸ் போக எதை வெச்சுக் கழுவலாம்? ஓவன் கிளீனர் சூப்பரா எடுக்குதுன்னு கேள்விப்பட்டேன்.

ஓவன் கிளீனரில் பெரும்பாலும் காஸ்டிக் இருக்கும். கிரீஸோடு சேர்த்து உலோகத்தையும் எடுத்து, கருத்த, திட்டுத்திட்டான பரப்பை விட்டுவிடும். சாம்பல் நிறத்தில் கெட்டியாக இருக்கும் என்ஜின் அழுக்குக்கு மண்ணெண்ணெய் அல்லது மினரல் ஸ்பிரிட்டும் நைலான் பிரஷும் போதும். பிறகு வெந்நீரில் பாத்திரம் கழுவும் திரவம் கலந்து ஒரு கழுவல். பாத்திரம் கழுவும் மெஷினில் போடும் தூள் வேறு, அது கடும் காரம், வேண்டாம்.

வீல் கிளீனர்களில் ஹைட்ரோஃப்ளூரிக் அமிலமோ அமோனியம் பைஃப்ளூரைடோ உள்ளவற்றை ஒதுக்கிவிடுங்கள். உலோகத்தை வெளுக்கச் செய்வதைவிட அவை தோலுக்குள் இறங்கி உடலுக்குச் செய்யும் கேடு பெரிது. இரும்பு வுல், இரும்புக் கம்பி பிரஷ் இரண்டும் கூடாது: உடைந்த இழைகள் மென்மையான அலுமினியத்தில் புதைந்து, சில நாளில் பழுப்புப் புள்ளிகளாகத் துருவேறும். வெண்கல வுல் அல்லது நைலான் பேட் பயன்படுத்துங்கள்.

6. டியூப்ல வர்ற பாலிஷை வெச்சுக் கையாலயே முடிச்சுடலாமா?

பரப்பு வெறுமனே மங்கியிருந்தால், முடியும். விரல் நகத்தை ஓட்டிப் பாருங்கள். எங்கும் தட்டவில்லை என்றால் ஆட்டோசால், மதர்ஸ் போன்ற பேஸ்ட் ஏதாவது ஒன்று போதும். பட்டாணி அளவு எடுத்து, உள்ளங்கை அகல இடத்தில் மட்டும் பருத்தித் துணியால் அழுத்தித் தேய்த்து, காய்வதற்கு முன் சுத்தமான மைக்ரோஃபைபர் துணியால் துடைத்துவிட்டு அடுத்த இடத்துக்குப் போங்கள். நகம் தட்டினால் பேஸ்ட் பயனில்லை, 7-ஆம் கேள்விக்குப் போங்கள்.

துணி கருப்பாவது நிற்கும்வரை தேய்க்க வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அது நிற்கவே நிற்காது. அந்தக் கருப்பு அழுக்கு கிடையாது, அரைபட்ட அலுமினியமும் அதன் ஆக்சைடும். பரப்பு தெளிந்ததும் நிறுத்திவிடுங்கள்.

7. உப்புத்தாள் எந்த நம்பர்ல ஆரம்பிச்சு எதுவரைக்கும் போகணும்?

வேலையை முடிக்கக்கூடிய தாள்களிலேயே மிக நைஸானதில் தொடங்குங்கள். மங்கலும் மெல்லிய கீறலும் மட்டும் என்றால் 600. நகம் தட்டும் கீறலுக்கு 400 அல்லது 320. குழி, அரம் பட்ட தழும்பு, வார்ப்பின் சொரசொரப்பு என்றால் 180 அல்லது 220. எதில் தொடங்குவது என்று தெரியாவிட்டால், மறைவான மூலையில் 600-ஐப் போட்டு இரண்டு நிமிடம் தேய்த்துப் பாருங்கள். கீறல் குறையவில்லை என்றால் ஒரு படி இறங்குங்கள். பிறகு 320, 400, 600, 800, 1000 என்று ஏறுங்கள். ஒரு தாவலில் எண் இரட்டிப்புக்கு மேல் போகக் கூடாது. மெஷினில் பஃபிங் செய்யப் போகிறீர்கள் (சுழலும் துணி வீலில் பாலிஷ் ஏற்றுவது) என்றால் 800-இல் நிறுத்தலாம். கையால் முடிப்பதானால் 1500, 2000 இரண்டும் தேவை.

தாளின் பின்பக்கம் எண்ணுக்கு முன் பி என்ற ஆங்கில எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். நாம் சொன்னவை அந்த ஐரோப்பிய அளவில். அமெரிக்க அளவில் 400 என்றிருப்பது ஐரோப்பிய 800-க்குச் சமம்; 600 என்றிருப்பது 1200-க்குச் சமம். இரண்டையும் கலந்து வாங்கினால் ஒரு படியையே தாண்டியதாகவோ பின்னுக்குப் போனதாகவோ ஆகிவிடும்.

320-க்கு மேல் எல்லாமே வாட்டர் பேப்பரில், ஈரமாக. தண்ணீரில் இரண்டு சொட்டு சோப்புத் திரவம் விட்டால் தாளில் அலுமினியம் அடைத்துக்கொள்ளாது. ஒவ்வொரு எண்ணுக்கும் திசையை 90 பாகை மாற்றுங்கள்: 320 நெடுக்கில் என்றால் 400 குறுக்கில். முந்தைய தாளின் கோடு ஒன்றுகூட மிச்சமில்லை என்று தெரிந்த பிறகே அடுத்த தாள். ஒவ்வொரு படிக்கும் முன் பாகத்தையும் கையையும் கழுவி, தண்ணீரை மாற்றுங்கள். பழைய வாளியில் மிதக்கும் ஒரே ஒரு 320 மணல் துணுக்கு போதும், 1000-இல் செய்த வேலையைக் கெடுக்க. தட்டையான பரப்பில் தாளை ரப்பர் கட்டையில் சுற்றிப் பிடியுங்கள். வெறும் விரலால் தேய்த்தால் பரப்பு அலை அலையாகிவிடும். அந்த அலை பளபளப்பு ஏறிய பிறகுதான் தெரியும்.

8. நிழல்ல கண்ணாடி மாதிரி இருக்கு, வெயில்ல எடுத்துட்டுப் போனா உள்ளே கோடு கோடா தெரியுது. இன்னும் பாலிஷ் போட்டா போயிடுமா?

போகாது. முந்தைய படி ஒன்றை முடிக்காமலே தாண்டியதன் அடையாளம் அது. பஃபிங் அந்தக் கோட்டின் ஓரங்களை மழுக்கும், ஆழத்தை எடுக்காது. கோடு எந்தத் திசையில் ஓடுகிறது என்று பாருங்கள். 7-இல் சொன்னபடி திசை மாற்றித் தேய்த்திருந்தால் எந்த எண் விட்ட கோடு என்பது அதிலேயே தெரிந்துவிடும். அதற்கு அடுத்த எண்ணுக்குத் திரும்பி, அங்கிருந்து ஏறி வாருங்கள். மனசுக்குக் கஷ்டமாக இருக்கும், ஆனால் குறுக்குவழி இல்லை.

இதைத் தவிர்க்க, 600-ஐ முடித்ததும் பாகத்தைக் காயவைத்து, ஒற்றை விளக்கைப் பக்கவாட்டில் தாழப் பிடித்துப் பாருங்கள். நேரே மேலிருந்து விழும் வெளிச்சம் கீறலை மறைக்கும்.

9. பஃபிங் வீல்ல எத்தனையோ வகை, சோப்பு கட்டியிலயும் எத்தனையோ கலர். அலுமினியத்துக்கு எது?

இரண்டு கட்டம் போதும். முதலாவது வெட்டு: வட்ட வட்டமாகத் தையல் போட்ட கெட்டிப் பருத்தி வீலும், ட்ரிப்போலி எனப்படும் பழுப்பு பாலிஷ் கட்டியும். இரண்டாவது பளபளப்பு: நடுவில் மட்டும் தையலுள்ள தளர்ந்த பருத்தி அல்லது ஃபிளானல் வீலும், வெள்ளைக் கட்டியும். பச்சைக் கட்டி குரோமியம் ஆக்சைடு, ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்கானது. கருப்பு எமரிக் கட்டி இரும்புக்கானது. அலுமினியத்தில் மிக முரடாக வெட்டும். ஒரு வீலுக்கு ஒரு கட்டிதான், எழுதி ஒட்டிவையுங்கள். இரண்டு கட்டத்துக்கும் நடுவே பாகத்தைக் கழுவுங்கள்.

200 மி.மீ. வீல் நிமிடத்துக்கு 2,850 சுற்றில் ஓடினால் அதன் விளிம்பு நொடிக்கு ஏறத்தாழ 30 மீட்டர் வேகத்தில் போகும். அலுமினியத்துக்கு அது நல்ல வேகம். ஓடும் வீலில் கட்டியை ஓரிரு நொடி தொட்டு எடுத்தால் போதும். அதிகம் பூசினால் பாகத்தில் கருப்புக் கீற்றாகப் படியும். குறைந்தால் வீல் காய்ந்து உலோகத்தை இழுக்கும். வெட்டும்போது வீல் சுற்றும் திசைக்கு எதிராகப் பாகத்தை அழுத்தி நகர்த்துங்கள். பளபளப்பு ஏற்றும்போது சுற்றும் திசையோடு, மிக லேசாக. கை தாங்காத சூடு வந்தால் நிறுத்தி ஆறவிடுங்கள். சூடான அலுமினியம் குழைந்து மேகமூட்டமான பரப்பைத் தரும்.

வேலை முடிந்ததும் மூலைகளில் ஒட்டிய கட்டிப் பிசுக்கை மினரல் ஸ்பிரிட்டால் கரைத்து, சோப்பு வெந்நீரில் கழுவுங்கள். கடைசி எண்ணெய்ப் படலத்துக்குச் சோள மாவைத் தூவி மென்துணியால் துடைத்தால் பளபளப்பு ஒரு படி ஏறும்.

10. பஃபிங் வீல் பட்டையைப் பிடுங்கி எறிஞ்சுடுச்சு. எங்கே தப்பு?

விளிம்பைக் காட்டிய விதத்தில். வீலின் மையத்துக்குக் கீழே, உங்களைப் பார்த்த பகுதியில் மட்டுமே பாகத்தை வைக்க வேண்டும். வீல் எப்போதும் பாகத்தின் விளிம்பைத் தாண்டி வெளியே ஓட வேண்டும். விளிம்புக்குள் ஏறி வரக் கூடாது. பட்டையின் கீழ்ப்பாதியை முடித்துவிட்டுத் திருப்பிப் பிடித்து மறுபாதியைச் செய்யுங்கள். நீளமான மெல்லிய பட்டையைத் தனியாகப் பிடிக்கவே வேண்டாம்; அதன் வளைவுக்கேற்பச் செதுக்கிய மரக்கட்டையில் பொருத்துங்கள். தொளதொளத்த சட்டைக்கை, கழுத்துச் சங்கிலி, நூல் பிரியும் துணிக் கையுறை எதுவும் கூடாது. முகக்கவசத் தகடு கட்டாயம்.

தூசி விஷயத்தில் இன்னும் கண்டிப்பாக இருங்கள். காற்றில் மிதக்கும் அலுமினியத் தூள் பொறி பட்டால் வெடிக்கும். இரும்பைச் சாணை பிடித்த அதே இடத்தில், அதே தூசிப்பையில் அலுமினியத் தூளைச் சேர்க்காதீர்கள். இரும்புத் துருவும் அலுமினியத் தூளும் கலந்தால் பற்றிக்கொள்ளும்போது அணைக்க முடியாத சூட்டில் எரியும். தீப்பிடித்தால் தண்ணீர் கூடாது, உலர்ந்த மணலைக் கொட்டுங்கள். மூக்குக்கு என்-95 அல்லது எஃப்எஃப்பி-2 தரத்திலாவது மாஸ்க்.

11. அனடைசிங்கை வீட்லயே எடுக்கலாமா? காஸ்டிக் சோடா போதும்னு சொல்றாங்க.

போதும், ஆனால் மரியாதையோடு கையாள வேண்டிய பொருள். பிளாஸ்டிக் தொட்டியில் ஒரு லிட்டர் குளிர்ந்த தண்ணீருக்கு 50 கிராம் என்ற கணக்கில் காஸ்டிக் சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக் கரையுங்கள். தண்ணீரில்தான் காஸ்டிக்கைப் போட வேண்டும். காஸ்டிக் மேல் தண்ணீர் ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். திறந்தவெளியில் செய்யுங்கள், ஏனென்றால் வெளிவரும் வாயு ஹைட்ரஜன். பக்கத்தில் நெருப்பு கூடாது. கண்ணாடி, நீண்ட ரப்பர் கையுறை, ஏப்ரன் போட்டுக்கொள்ளுங்கள். கண்ணில் பட்டால் குறைந்தது 15 நிமிடம் ஓடும் நீரில் கழுவிக்கொண்டே மருத்துவ உதவிக்கு ஆள் அனுப்புங்கள்.

பாகத்தின் கிளிப், ஆணி, துத்தநாகம் பூசிய திருகு எல்லாவற்றையும் கழற்றி, எண்ணெய்ப் பிசுக்கு போகக் கழுவிவிட்டு முக்குங்கள். முதலில் அதிகம் ஒன்றும் நடக்காது. அனடைசிங் கரைந்து வெறும் உலோகம் தொடப்பட்டதும் குமிழ்கள் வேகமெடுக்கும். அந்த நொடியே எடுங்கள். நிமிடத்துக்கு ஒருமுறை தூக்கிப் பாருங்கள், தொட்டியை விட்டு நகராதீர்கள். மெல்லிய கிரில் தகடு சில நிமிட அலட்சியத்தில் கடிபட்டுச் சொரசொரத்துவிடும். வெந்நீரில் இந்த வேகம் பல மடங்கு, அதனால்தான் குளிர்ந்த நீர் என்றோம். எடுத்ததும் ஏராளமான தண்ணீர், பிறகு நீர்த்த வினிகர், மறுபடி தண்ணீர்.

மேலே கருஞ்சாம்பல் பூத்திருக்கும். பயப்பட வேண்டாம், கலவையிலிருந்த செம்பும் சிலிக்கனும் கரையாமல் தங்கியவை அவை. 800 வாட்டர் பேப்பரோ, பேஸ்ட்டோடு நைலான் பேடோ எடுத்துவிடும். கிளியர் கோட் மட்டும் இருக்கும் பாகத்துக்கு இந்தத் தொட்டி தேவையில்லை. 3-இல் சொன்ன ரிமூவரே போதும்.

12. ஆழமா குழி விழுந்திருக்கு. நிரப்பிட்டுப் பாலிஷ் போடலாமா?

குழியை நிரப்பும் எபாக்ஸி எதுவும் அலுமினியத்தின் நிறத்தில் பளபளக்காது. பெயின்ட் அடிக்கப்போகும் பாகத்துக்கு மட்டுமே அது சரி. தடிமன் இருந்தால் குழியின் அடிமட்டம்வரை சுற்றுப்பரப்பையே தேய்த்து இறக்க வேண்டும். குழி இருக்கும் இடத்தை மட்டும் தோண்டினால் பள்ளம் கண்ணாடியில் வளைந்து தெரியும்.

மிக ஆழமானதை டிக் வெல்டிங்கில் நிரப்பலாம். குழிக்குள் வெள்ளைத் தூள் துளியும் இல்லாமல் தோண்டிச் சுத்தம் செய்த பிறகே வெல்டிங். இல்லாவிட்டால் ஊசித்துளைகள் வரும். நிரப்புக் கம்பியைப் பற்றி முன்பே பேசிவிடுங்கள். 4043 கம்பி எளிதில் ஓடும், ஆனால் பின்னால் அனடைஸ் செய்தால் அந்த இடம் கருஞ்சாம்பலாகிக் காட்டிக்கொடுக்கும். தகட்டுப் பாகங்களில் 5356 நிறம் பொருந்தும்.

13. பட்டை நசுங்கியிருக்கு. சூடு காட்டித் தட்டலாமா? எவ்வளவு சூடு?

சின்ன நசுங்கலுக்குச் சூடே வேண்டாம். முன்பக்கத்தை மணல் நிரப்பிய தோல்பையில் கவிழ்த்து, பின்பக்கம் கடின மரக்குச்சியை வைத்துச் சிறு சுத்தியலால் பள்ளத்தின் ஓரத்திலிருந்து நடுவை நோக்கித் தட்டுங்கள். நடுவிலேயே ஓங்கி அடித்தால் உலோகம் நீண்டு மேடாகிவிடும். பிறகு நைஸ் அரத்தை லேசாக ஓட்டினால் மேடு பளிச்சென்றும் பள்ளம் மங்கலாகவும் தெரியும். அனடைசிங் உள்ள பட்டையில் முதலில் 11-இல் சொன்னபடி அதை எடுத்துவிடுங்கள். அந்தப் படலம் வளையாது, மயிரிழை மயிரிழையாக வெடிக்கும்.

மடிப்பாகவே விழுந்திருந்தால் மட்டும் இளக்குங்கள். அலுமினியம் சிவந்து காட்டாது, எந்த எச்சரிக்கையும் இல்லாமல் உருகி விழும். சாதாரணச் சோப்புக் கட்டியால் பின்பக்கம் கோடு போட்டு, மென்மையான தீச்சுடரை ஆட்டிக்கொண்டே காட்டுங்கள். கோடு கரும்பழுப்பானதும் நிறுத்துங்கள். இளகுவதற்கான சூடு, அதாவது சுமார் 350 முதல் 400 பாகை செல்சியஸ், வந்துவிட்டது. வீல், சஸ்பென்ஷன் பாகங்கள் போன்றவற்றுக்கு இது ஒருபோதும் கூடாது. அவற்றின் பலமே சூட்டுப் பதனிடலில் இருக்கிறது.

14. வால்வு கவர், மேனிஃபோல்டெல்லாம் சொரசொரன்னு இருக்கு. மணல் அடிச்சுச் சுத்தம் பண்ணலாமா?

மணல் வேண்டாம், சிலிக்கா தூசி நுரையீரலை நிரந்தரமாகக் கெடுக்கும், அலுமினியத்தையும் கொத்திவிடும். கண்ணாடி மணிகளை 3 முதல் 4 பார் அழுத்தத்தில் அடித்தால் மென்மையான பட்டுப் பரப்பு கிடைக்கும். தண்ணீரோடு சேர்த்து அடிக்கும் வேப்பர் பிளாஸ்டிங் இன்னும் நல்லது. அது பரப்பை வெட்டாமல் தட்டி மூடுவதால் தொழிற்சாலையிலிருந்து வந்த வார்ப்பைப் போலவே இருக்கும், எண்ணெய்க் கறையும் சீக்கிரம் ஏறாது.

ஆபத்து உள்ளே ஒளிந்துகொள்ளும் மணிகளில்தான். பல வால்வு கவர்களின் உட்புறம் எண்ணெய் தடுக்கும் தகடு ஒன்று ரிவெட் அடித்திருக்கும். அதன் பின்னால் மணிகள் தங்கி, என்ஜின் ஓடும்போது எண்ணெயில் இறங்கி, பேரிங்கை அரைத்துவிடும். தகட்டைக் கழற்ற முடியாவிட்டால் அந்தக் கவருக்கு மணி அடிக்காதீர்கள். தண்ணீரில் கரையும் சோடா பிளாஸ்டிங் செய்யுங்கள். எண்ணெய்த் துளைகள், திருகுத் துளைகள், கேஸ்கெட் முகம் எல்லாவற்றையும் அடைத்து மூடிவிட்டே தொடங்குங்கள். கேஸ்கெட் முகத்தில் பஃபிங் வீலும் படக் கூடாது. ஓரம் மழுங்கினால் எண்ணெய் கசியும்.

15. எஸ்யூ கார்புரேட்டரோட மேல் கூண்டை உள்ளேயும் சேர்த்துப் பளபளப்பாக்கலாமா?

வெளியே தாராளமாக. உள்ளே ஒரு துளிப் பேஸ்ட்கூடக் கூடாது. அந்தக் கூண்டும் உள்ளே ஏறி இறங்கும் பிஸ்டனும் ஒன்றுக்கொன்று ஜோடி பொருத்தியவை; நடுவிலுள்ள நுண்ணிய இடைவெளிதான் காற்றைக் கட்டுப்படுத்துகிறது. உள்ளே மெத்திலேட்டட் ஸ்பிரிட் நனைத்த துணியால் துடைப்பதோடு நிறுத்துங்கள். இரட்டைக் கார்புரேட்டர் என்றால் கூண்டையும் பிஸ்டனையும் மாற்றிப் போட்டுவிடாதபடி அடையாளம் இட்டுக் கழற்றுங்கள்.

16. வீலை பாலிஷ் பண்றதுல தனியா ஏதாவது பார்க்கணுமா?

முதலில் விரிசல். பூச்சை எடுத்ததும் சாயம் ஊடுருவும் சோதனை செய்யுங்கள்: சிவப்புச் சாயம் தடவி, துடைத்து, வெள்ளை டெவலப்பர் அடித்தால் விரிசல் சிவப்புக் கோடாகத் தெரியும். ஸ்போக்கிலோ நட்டுத் துளையைச் சுற்றியோ கோடு வந்தால் அந்த வீலைக் காரில் மாட்டாதீர்கள், வெல்டிங் வைத்தும் மாட்டாதீர்கள். டயர் உட்காரும் வளையம், நட்டு உட்காரும் கூம்பு, ஹப்போடு சேரும் முகம் இந்த மூன்றிலும் தாளோ பஃபிங் வீலோ படக் கூடாது.

புழு ஊர்ந்ததைப் போல வெள்ளைக் கோடுகள் கிளியர் கோட்டுக்கு அடியில் ஓடினால், கல் தெறித்த இடத்தில் நுழைந்த ஈரம் செய்த வேலை அது. மேலே பாலிஷ் போட்டுப் பலனில்லை. முழுப் பூச்சையும் எடுத்தாக வேண்டும்.

17. போல்ட் அலுமினியத்துல இறுகிப்போச்சு. மறுபடி மாட்டும்போது ஸ்டெயின்லெஸ் போல்ட் போட்டா நல்லதுதானே?

கழற்ற, ஊடுருவும் எண்ணெய் விட்டு ஓர் இரவு ஊறவிடுங்கள். பிறகு எண்ணெயை நன்றாகத் துடைத்துவிட்டு, போல்ட்டைச் சுற்றியுள்ள அலுமினியத்தை ஹாட் ஏர் கன்னால் 100 பாகை செல்சியஸைத் தாண்டும்வரை சூடாக்குங்கள். அலுமினியம் இரும்பைவிட இரண்டு மடங்கு விரிவதால் பிடி தளரும். போல்ட் தலையில் நேராக ஒரு தட்டு, பின் முன்னும் பின்னுமாகச் சிறிது சிறிதாகத் திருப்புங்கள்.

ஸ்டெயின்லெஸ் போல்ட் தான் துருப்பிடிக்காது. ஈரமும் உப்பும் சேர்ந்தால் தன்னைச் சுற்றியுள்ள அலுமினியத்தை அரிக்க வைக்கும். துத்தநாகம் பூசிய போல்ட் இதற்குப் பொருத்தம். எதைப் போட்டாலும் மரையில் ஆன்ட்டி-சீஸ் (மரை இறுகிப்போகாமல் தடுக்கும் பசை) தடவுங்கள். தடவிய மரையில் அதே டார்க் (திருகும் விசை) அதிக இறுக்கத்தைத் தரும் என்பதால், காய்ந்த மரைக்குச் சொல்லப்பட்ட அளவைக் குறைக்க வேண்டும்.

18. இவ்வளவு கஷ்டப்பட்டுப் பளபளப்பாக்கினது மங்காம இருக்க லாக்கர் அடிச்சுடலாமா? இல்ல மறுபடி அனடைஸ் பண்ணலாமா?

கண்ணாடிப் பரப்பில் லாக்கர் பிடித்துக்கொள்ள எந்தச் சொரசொரப்பும் இல்லை. ஓரம் எங்காவது தூக்கியதும் 16-இல் சொன்ன புழுக் கோடுகள் தொடங்கும், அதைச் சரிசெய்ய மொத்தத்தையும் உரிக்க வேண்டும். நம் கருத்தில், அடிக்கடி கைபடும் பாகத்துக்கு மெழுகே மேல். ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் துடைத்து, கார்னூபா மெழுகோ பாலிமர் சீலன்ட்டோ மெல்லியதாகப் பூசுங்கள். தண்ணீர் முத்துமுத்தாக நிற்பது நின்றால் மறுபூச்சு. என்ஜின் பாகங்களில் சூட்டில் மெழுகு நிற்காது. அங்கே 6-இல் சொன்ன பேஸ்ட்டை அவ்வப்போது போடுவதே வழி.

பட்டை, கிரில் போன்ற தகட்டுப் பாகங்களுக்கு மறு அனடைசிங்தான் நீண்ட நாள் தீர்வு. 5 முதல் 10 மைக்ரான் போதும். கண்ணாடித்தன்மை ஒரு நூல் குறையும். அனடைசிங்குக்கு முன் பாஸ்பாரிக் அமிலக் கலவையில் பிரைட் டிப் செய்யும் பட்டறையைத் தேடுங்கள். ஒரே காரின் எல்லாப் பட்டைகளையும் ஒரே தொகுப்பில் கொடுங்கள், தனித்தனியாகப் போனால் சாயல் மாறும். சிலிக்கன் அதிகமுள்ள வார்ப்புகள் அனடைசிங்கில் சாம்பலாகத் திட்டுத்திட்டாகும், அவற்றைக் கொடுக்காதீர்கள்.

19. அப்போ பானெட்டுக்கு அடியில இருக்கிற எல்லாத்தையும் கண்ணாடி மாதிரி ஆக்கிடலாமா?

உங்கள் கார், உங்கள் விருப்பம். ஆனால் காரை அது பிறந்த நிலைக்குக் கொண்டுவருவது நோக்கம் என்றால், வேண்டாம். 1948-இல் வந்த ஜாகுவார் எக்ஸ்கே என்ஜினின் வழவழப்பான கேம் கவர்கள் பளபளப்பாகவே தொழிற்சாலையை விட்டு வெளிவந்தன. அவற்றை மங்கலாக விடுவதுதான் தவறு. கியர்பாக்ஸ் உறை, வாட்டர் பம்ப், டைமிங் கவர் போன்றவை பெரும்பாலான கார்களில் வெறும் வார்ப்பாகவே வந்தன. அவற்றைப் பளபளப்பாக்கினால் போட்டி நடுவர்கள் மதிப்பெண் குறைப்பார்கள். அந்த வார்ப்புத் தோலை யாராலும் திரும்ப வரவைக்கவும் முடியாது. அவற்றுக்கு வேப்பர் பிளாஸ்டிங் மட்டும் போதும்.

இடைப்பட்ட பாகங்கள்தான் சிக்கல். ஒரே மாடலில் ஒரு வருடம் பளபளப்பாகவும் அடுத்த வருடம் மங்கலாகவும் வந்தவை உண்டு. கேஸ்கெட் ஓரம், பிராக்கெட் மறைத்திருந்த இடம், போல்ட் தலையின் அடிப்பகுதி ஆகிய மூன்றிலும் வெயிலும் துணியும் படாத பழைய பரப்பு தங்கியிருக்கும். கழற்றும்போதே அந்த இடங்களைக் கழுவுமுன் பக்கவாட்டு வெளிச்சத்தில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். வார்ப்பு எண்களும் தேதிக் குறிகளும் இருக்கும் இடத்தைச் சுற்றி இரண்டு அடுக்கு மாஸ்கிங் டேப் ஒட்டிவிட்டே தாளை எடுங்கள். அந்த எழுத்துகள் அரை மில்லிமீட்டர் உயரம்கூட இல்லாமல் இருக்கலாம். 220 தாள் சில நிமிடத்தில் அவற்றைத் துடைத்துவிடும்.